மஞ்சள் சீட்டு

மார்கழி. காலை ஆறு மணி.

சிப்காட்டில் முதல் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுகிறது. எங்கள் தெருவுக்கு மூன்று கம்பெனிகளின் சங்கு கேட்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை நிமிடம் முன்பின். முதல் சங்குக்கு எழுந்து மூன்றாவது சங்குக்குள் இரண்டு மாத்திரையை விழுங்கிவிடுவேன். மாலை ஆறுக்கு மறுபடி இரண்டு. ஒவ்வொன்றும் 150 மில்லிகிராம். பெயர் ஓலாபாரிப். பன்னிரண்டு மணி நேர இடைவெளி தவறக்கூடாது, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். ஓசூர்க்காரிக்கு அலாரம் எதற்கு என்றேன்.

“சங்கு ஊதியாச்சு, போட்டுட்டியா?” என்று இவர் அடுக்களையிலிருந்து கேட்பார். ஆரம்பத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். சங்கு ஊதுவதற்குத் தமிழில் இன்னொரு பொருளும் இருக்கிறதே. இப்போது கடித்துக்கொள்வதில்லை.

*

இந்த நோட்டு கம்பெனியிலிருந்து வந்தது. இன்ஸ்பெக்ஷன் ரிஜிஸ்டர். வாகன உதிரிபாகம் செய்யும் இடத்தில் இருபத்து நான்கு வருஷம் குவாலிட்டியில் இருந்தேன். கடைசி நாள் மேசையைக் காலி செய்யும்போது, எழுதாத ரிஜிஸ்டர் ஒன்றை ஸ்டோர்ஸ்காரர் பையில் போட்டுக் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் கட்டம்: தேதி, பாகத்தின் பெயர், அளவு, முடிவு, கையெழுத்து.

முடிவு என்ற கட்டத்தில் மூன்று வார்த்தைதான் எழுதலாம். ஓகே, ரிஜெக்ட், ஹோல்ட். ஓகேவுக்குப் பச்சைச் சீட்டு. ரிஜெக்டுக்குச் சிவப்பு. ஹோல்டுக்கு மஞ்சள். அளவு மயிரிழை கூடியோ குறைந்தோ இருக்கும், வாங்குகிறவர் ஏற்பாரா மாட்டாரா தெரியாது, மேலே கேட்டுச் சொல்லவேண்டும். அதுவரை மஞ்சள் கட்டிய பெட்டிகள் ஷாப்பின் மூலையில் கோடு போட்ட இடத்துக்குள் உட்கார்ந்திருக்கும். சில பெட்டிகள் ஒரே நாளில் நகர்ந்துவிடும். சில, ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அங்கேயே பொட்டு வாங்கிக்கொண்டு நிற்கும்.

2022 நவம்பரில் என் ரிப்போர்ட் வந்தது. சினைப்பைப் புற்று, மூன்றாம் நிலை, அதிலும் ‘சி’. சிவப்புச் சீட்டு என்று நினைத்தேன். மஞ்சள் என்று புரிய ஆறேழு மாதம் ஆயிற்று.

*

அதற்கு முன் எட்டு மாதம் அது ‘கேஸ்’ ஆக இருந்தது.

நம் ஊரில் ஐம்பது வயதுப் பெண்ணின் வயிற்றில் எது நடந்தாலும் அதற்குக் கேஸ் என்று பெயர். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடும். மாலையானால் பாவாடை நாடாவைத் தளர்த்தவேண்டும். அடிக்கடி பாத்ரூம். ஓமத் தண்ணீர், பெருங்காய மோர், சீரகக் கஷாயம். ஒரு கிளினிக்கில் “இந்த வயசுல இதெல்லாம் இருக்கும்மா” என்று மாத்திரை கொடுத்தார்கள். நானும் நம்பினேன். நாள் முழுக்க மைக்ரோமீட்டர் பிடிக்கிறவள், என் இடுப்பை ஒரு முறைகூட டேப் வைத்து அளக்கவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது வயிறு முழுக்க நீர். முதல் நாளே நான்கு லிட்டர் எடுத்தார்கள்.

அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, 1991இல் மகோதரத்தில் போனாள் என்று வீட்டில் சொல்வார்கள். ஊதிய வயிறு, குச்சிக் கை கால். அவள் கட்டிலுக்கடியில் நாங்கள் பல்லாங்குழி ஆடியிருக்கிறோம். மகோதரம் ஒரு நோயின் பெயர் என்றே நினைத்திருந்தேன். நீர் கோத்த வயிற்றுக்குத்தான் அந்தப் பெயர். நீர் ஏன் கோத்தது என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் முன்னால் பாட்டியின் தங்கை ஒருத்தி, அவளுக்கும் ‘வயிற்றுக் கட்டி’. குடும்பத்தில் நோய்க்குத் தடயம் இருந்தது. பெயர்தான் வேறு வேறாக இருந்தது.

*

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் “கர்ப்பப்பையில கேன்சராமே” என்றார்கள். முதலில் திருத்தினேன். கர்ப்பப்பை வேறு, அதன் வாய் வேறு, பக்கத்தில் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் சினைப்பை வேறு. சூலகம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இங்கே பாதி வீடுகளில் தெலுங்கு, கால்வாசியில் கன்னடம். இரண்டிலும் அண்டாசயம்தான், ஆனால் பஸ்ஸில் எந்தப் பெண்ணும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. பேச்சில் பெயரில்லாத உறுப்புக்கு வந்த நோயை எந்தப் பெயரில் போய்ச் சொல்வது?

இதனால் ஒரு பெரிய குழப்பம் நடக்கிறது. கம்பெனி முகாமில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்து நார்மல் என்று வந்தால், ‘எல்லாம் பார்த்தாச்சு’ என்று பெண்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தப் பரிசோதனை வாயை மட்டும்தான் பார்க்கும். சினைப்பையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நல்ல உடம்போடு இருக்கும் எல்லாப் பெண்களையும் வரிசையில் நிறுத்திச் சினைப்பைப் புற்றைக் கண்டுபிடிக்க இன்றுவரை நம்பகமான சோதனை கிடையாது. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து, ரத்தச் சோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது: அதனால் சாவு குறையவில்லை.

ஆகவே மிச்சமிருப்பது நம் வயிறு சொல்வதைக் கேட்பதுதான். உப்புசம், அடிவயிற்று வலி, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர். இவை புதிதாக வந்து, மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் இருந்தால் ஓமத் தண்ணீரை நிறுத்திவிட்டு ஸ்கேன் கேளுங்கள். கொடுக்காவிட்டால் இன்னொரு இடத்தில் கேளுங்கள். பெரும்பாலும் வேறு ஏதோ சாதாரணமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

*

நாங்கள் பெங்களூரு ரோடு என்கிறோம். அவர்கள் ஓசூர் ரோடு என்கிறார்கள். ஒரே ரோடு, சுமார் 40 கிலோமீட்டர்.

அத்திப்பள்ளி தாண்டினால் பொம்மசந்திரா. அங்கே நாராயணா வளாகத்தில் மஜும்தார் ஷா புற்றுநோய் மையம், 2009இல் வந்தது. கொஞ்ச தூரத்தில் எலக்ட்ரானிக் சிட்டி, அங்கே பயோகான். இன்னும் போனால், ரோடு நகரத்துக்குள் நுழைந்து நெரிசலாகும் இடத்தில், 1973 முதல் இருக்கும் கித்வாய். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சித்தூர், கோலார் என்று எல்லாத் திசைப் பைகளும் அதன் தாழ்வாரத்தில் கிடக்கும். தலையணை, பிளாஸ்டிக் குடம், எக்ஸ்ரே உறை. என் சிகிச்சையும் இந்த ரோட்டில்தான், எங்கே என்பது இந்த நோட்டுக்கு வேண்டாம்.

இருபத்தோரு நாளுக்கு ஒரு முறை போவோம். விடியற்காலையில் எதிர்த்திசையில் ரோஜா லாரியும் கம்பெனிப் பஸ்ஸும். பஸ் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள். நான் அப்படித் தூங்கிய வருஷங்களை எண்ணிக்கொண்டு போவேன்.

*

முதல் மருந்தின் பெயர் கார்போபிளாட்டின். பெயரிலேயே பிளாட்டினம். இதை நான் நம்பவில்லை, நர்ஸிடம் கேட்டேன். ஆமாம் அம்மா, அதே உலோகம்தான் என்றாள்.

எங்கள் ஊரில் தினமும் ஆயிரக்கணக்கில் வெளியேறும் பைக்குகளின் சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் பாகம் ஒன்று இருக்கும். அதில் பூசியிருப்பதும் பிளாட்டினக் குடும்ப உலோகங்கள்தான். அந்த வீட்டு ஆள் இப்போது என் நரம்பில் இறங்குகிறான்.

பிளாட்டினம் மருந்தாகும் என்று கண்டுபிடித்தது மருத்துவர் இல்லை. 1965இல் அமெரிக்காவில் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பர்க் என்ற இயற்பியல்காரர், மின்சாரம் பாய்ந்தால் பாக்டீரியா எப்படி வளரும் என்று பார்க்க, கரையாது என்று நம்பிப் பிளாட்டினத்தில் மின்முனை வைத்தார். பாக்டீரியா இரண்டாகப் பிரியாமல் நூல் நூலாக நீண்டுகொண்டே போனது. காரணம் மின்சாரம் இல்லை, முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்த பிளாட்டினம். பிளேட்டிங் ஷாப்பில் வேலை பார்த்த யாருக்கும் இது சட்டென்று விளங்கும். எலக்ட்ரோடு கரைந்தால் நாங்கள் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவோம். அவர் அதிலிருந்து ஒரு மருந்தை எடுத்தார். 1978 டிசம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. அதன் சாதுவான தம்பி கார்போபிளாட்டின்தான் எனக்கு ஏறியது.

இரண்டாவது மருந்து பாக்ளிடாக்ஸல், யூ மரத்துப் பட்டையிலிருந்து வந்தது. அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டவர்களில் ஒருவர் மன்சுக் வானி. மகாராஷ்டிரத்து நந்துர்பாரில் பிறந்தவர். 1992இல் அந்த மருந்து முதன்முதலில் அனுமதி பெற்றதே சினைப்பைப் புற்றுக்குத்தான். பெரியம்மா போய் ஒரு வருஷம் கழித்து.

அது முடியை எடுத்தது. முடி திரும்ப வந்துவிட்டது, சுருளாக. விரல் நுனி மட்டும் வரவில்லை. மைக்ரோமீட்டரின் ராட்செட்டைத் திருகினால் மூன்று டிக் வரும், காதால் கேட்பதற்கு முன் விரல் அதைக் கேட்கும். அந்த விரலை வைத்துத்தான் இருபத்து நான்கு வருஷம் சம்பளம் வாங்கினேன். இப்போது தேங்காய் துருவினால் துருவல் ஈரமா காய்ந்ததா என்றுகூடக் கண்ணால் பார்த்துத்தான் சொல்லவேண்டும். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தது அதனால்தான். நோயினால் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்.

*

தை. பிதுக்கம்பருப்பு சீசன்.

மூன்று கீமோ, அறுவை, மறுபடி மூன்று கீமோ. 2023 மே மாதம் முடிந்தது. இடையில் மரபணு ரிப்போர்ட்டும் வந்தது. பிஆர்சிஏ-1 என்ற மரபணுவில் ‘185 டெல் ஏஜி’ என்று போட்டிருந்தார்கள். டாக்டரம்மா விளக்கினார். ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேல் எழுத்துகள் உள்ள ஒரு நீண்ட வாக்கியம், அதில் ஆரம்பத்திலேயே ஏ, ஜி என்று இரண்டு எழுத்து விடுபட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வாக்கியம் உளறல்.

டைமென்ஷன் எந்த இடத்தில் தப்பு என்று இவ்வளவு துல்லியமாக எந்த சப்ளையரும் எனக்குச் சொன்னதில்லை.

இந்தப் பிழை ஐரோப்பிய யூதக் குடும்பங்களில் பரவலாக இருப்பது உலகறிந்தது. தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் தனித்தனியே விழுந்த பிழையாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த மரபணு பதினேழாவது குரோமோசோமில்தான் இருக்கிறது என்று மேரி-கிளேர் கிங் 1990இல் காட்டினார். அதற்கும் முன்னால், டிஎன்ஏவின் உருவத்தை எக்ஸ்ரேயில் பிடித்தவர் ரோசலிண்ட் பிராங்க்ளின். அவரே சினைப்பைப் புற்றில் 1958இல் இறந்தார், 37 வயதில். இதைப் படித்த அன்று எனக்குக் களி இறங்கவில்லை.

*

இப்போது மாத்திரை.

உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் தினமும் டிஎன்ஏ உடையும், தினமும் ரிப்பேர் நடக்கும். ரிப்பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள். பிஆர்சிஏ ஒரு கோஷ்டி, பெரிய உடைசலுக்கு. பார்ப் என்பது இன்னொரு கோஷ்டி, சின்னச் சின்ன உடைசலுக்கு. என் புற்றுச் செல்லில் முதல் கோஷ்டி ஏற்கெனவே இல்லை. மாத்திரை போய் இரண்டாவது கோஷ்டியையும் கேட்டில் நிறுத்திவிடுகிறது. ரிப்பேருக்கு ஆளில்லாமல் அந்தச் செல் விழுகிறது. மற்ற செல்களில் முதல் கோஷ்டிக்கு ஒரு நல்ல பிரதி மிச்சமிருப்பதால் சமாளித்துக்கொள்கின்றன. 2005இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் இதைக் காட்டின. 2014 டிசம்பரில் ஓலாபாரிப் வந்தது.

இந்தச் சிகிச்சைக்குப் பெயர் ‘மெயின்டனன்ஸ்’. கம்பெனியில் எங்களுக்குத் தெரிந்த வார்த்தை. மெஷின் நின்ற பிறகு ஓடுவது பிரேக்டவுன், நிற்காமல் பார்த்துக்கொள்வது பிரிவென்டிவ். மெயின்டனன்ஸ் ஆட்களை யாரும் கவனிப்பதில்லை, மெஷின் நின்றால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு வேடிக்கையாக இருந்தது வேறு. செல்லின் மெயின்டனன்ஸை நிறுத்துகிற மாத்திரைக்குத்தான் மெயின்டனன்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எண்களும் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியாது. என்னைப் போன்ற 391 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு. இரண்டு வருஷம் மாத்திரை எடுத்தவர்களில், ஏழு வருஷம் கழித்து 100க்கு 67 பேர் உயிரோடு. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 47 பேர். அதிலும் பலர் நோய் திரும்பியபின் இதே வகை மருந்தை எடுத்துக்கொண்டவர்கள். வித்தியாசம் இருபது பேர். அந்த இருபது பேரை எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் லைனில் இருபது பெண்கள் உண்டு. ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிப் பார்த்தேன்.

*

மருந்துத் தாளில் ‘கிரேப்ஃப்ரூட் கூடாது’ என்று இருந்தது. வீட்டில் அதைத் திராட்சை என்று படித்துவிட்டார்கள். பல மாதம் எங்கள் வீட்டுக்குள் ஒரு திராட்சைகூட வரவில்லை. பொங்கலுக்குப் பாயசத்தில் போட்ட உலர்திராட்சையை மகன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான். பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டால், அது எலுமிச்சை ஜாதிப் பழம், ஓசூர் மார்க்கெட்டில் தேடினாலும் கிடைக்காது என்றார். சரி, நார்த்தங்காய் ஊறுகாய்? யோசித்தார். “மாத்திரை முடியட்டும்” என்றார்.

*

தைக் கடைசி. பாகலூர்ப் பக்கம் ரோஜாக் கூடாரங்களில் ராத்திரியெல்லாம் விளக்கு. பிப்ரவரி 14க்காக வெட்டுகிறார்கள். இரண்டு வருஷம் முன்பு இதே வாரம் அந்த வாசனையே குமட்டியது. இந்த வருஷம் குமட்டவில்லை. இதற்கு ஒரு கட்டம் ரிஜிஸ்டரில் இல்லை.

*

சிஏ-125.

இந்த நோயோடு வாழ்கிறவர்கள் ஜாதகத்தைவிட இந்த எண்ணைத்தான் அதிகம் பார்ப்பார்கள். ரத்தத்தில் 35க்குக் கீழ் இருக்கவேண்டும். எனக்கு முதல் நாள் 1,140. கீமோ முடிந்தபோது 14. இன்று 11. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி. ரத்தம் கொடுத்து ரிப்போர்ட் வரும் அந்த ஒரு பகல்தான் என் ஹோல்ட் ஏரியா. அன்று வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. இவர் தேவையில்லாமல் வண்டியைத் துடைப்பார்.

மாதா மாதம் பார்த்தால் என்ன என்று முதலில் பிடிவாதம் பிடித்தேன். அதிகம் அளந்தால் நல்லது என்பது என் தொழில் புத்தி. டாக்டரம்மா ஓர் ஆய்வைச் சொன்னார். 2010இல் வெளிவந்தது. ஒரு பிரிவுப் பெண்களுக்கு எண் ஏறிய உடனே கீமோ. இன்னொரு பிரிவுக்கு எண்ணைச் சொல்லவேயில்லை, உடம்பு சரியில்லை என்று தெரிந்தபிறகே கீமோ. இரண்டு பிரிவும் வாழ்ந்தது ஒரே அளவு. முன்கூட்டித் தெரிந்தவர்களுக்குக் கிடைத்தது கூடுதல் கீமோவும் கூடுதல் கவலையும்தான். புது மாத்திரைகள் வருவதற்கு முந்தைய ஆய்வு அது, இன்றைக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு பேச்சு என்றும் சொன்னார்.

அன்று திரும்பி வரும்போது அத்திப்பள்ளி டோலில் அரை மணி நேரம் நின்றோம். அளக்காமல் இருப்பதும் ஒரு வேலைதான் என்பதை என் வயதில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்னும் சரியாக வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன். உப்பியிருந்தால் மொச்சை தின்றேனா என்று யோசிக்கிறேன். தின்றிருந்தால் தூங்கிவிடுகிறேன்.

*

மேல்வீட்டு அக்கா தெலுங்கு. வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு “ஏமீ காதம்மா” என்பார். பால் ஊற்றுகிறவர் கன்னடம், “ஏனூ ஆகல்லம்மா.” என் தங்கை போனில் “ஒண்ணும் ஆகாது.” மூன்றும் ஒரே வாக்கியம். மூன்றில் எதுவும் உண்மை இல்லை. ஏற்கெனவே ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு நாள் மூவரும் வராவிட்டால் வெறிச்சென்றிருக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் இன்னொரு பண்டம் மனிஷா கொய்ராலா. ‘பம்பாய்’ படத்தில் பார்த்தோமே, அவங்களுக்கும் இதுதானாம், 2012இல் வந்து, இப்ப திரும்ப நடிக்கிறாங்களாம். உண்மைதான். நியூயார்க்கில் சிகிச்சை எடுத்து, மீண்டு, 2018இல் புத்தகமும் எழுதினார். ஒருவர் இத்தனை வருஷம் நன்றாக இருக்கிறார் என்று தெரிவதே பலம், மறுக்கமாட்டேன். நியூயார்க் என்ற இடத்தில் மட்டும் எனக்குள் ஒரு முணுமுணுப்பு.

*

முணுமுணுப்பு பணத்தைப் பற்றியது. சுருக்கமாக எழுதிவிடுகிறேன். கீமோவையும் அறுவையையும் கம்பெனி இன்ஷூரன்ஸ் தாங்கியது. மாத்திரையைத் தாங்கியது காவேரிப்பட்டணத்துப் பக்கம் இருந்த மாந்தோப்பில் என் பங்கு. அத்தனையும் கூழ் ஃபேக்டரிக்குப் போகும் பெங்களூரா மரங்கள். பெங்களூராவை விற்றுப் பெங்களூருவில் கொடுத்தோம் என்று இவர் சொல்லிச் சிரிப்பார்.

விற்க மரம் இல்லாதவர்களை ஊசி அறையில் பார்த்திருக்கிறேன். மாத்திரை எழுதிய சீட்டை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போவார்கள். 2017இல் இதே ரோட்டிலிருந்து பயோகான், புற்றுக்கு ரத்தக் குழாய் வளரவிடாமல் தடுக்கும் பெவாசிஸுமாப் மருந்தின் இணை மருந்தை இந்தியாவில் இறக்கியது. இப்படி இங்கேயே செய்தால்தான் வழி. புது மருந்து வந்துவிட்டது என்று பேப்பரில் போடுகிறவர்கள் அது யார் கைக்கு எட்டும் என்பதையும் போடவேண்டும்.

கம்பெனிப் பெண்களுக்கு ஒன்று. சம்பளம் 21,000க்குள் இருந்து ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால், புற்றுநோய் வந்தால் நீண்டகால நோய்ச் சலுகையாகச் சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு வருஷம்வரை கிடைக்க வழி இருக்கிறது. இரண்டு வருஷம் தொடர் வேலை போன்ற நிபந்தனைகள் உண்டு. எச்ஆரில் தானாகச் சொல்லமாட்டார்கள், கேட்கவேண்டும்.

*

சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. அந்தத் திட்டத்துச் சகோதரி எங்கள் தெருவுக்கும் வருகிறாள். பிரஷர், சுகர் பார்ப்பாள். கோடி வீட்டுத் தாத்தாவுக்கு வலி நிவாரணக் கவனிப்பும் வீட்டிலேயே. என்னைப் பார்த்து, “அம்மா, நீங்க அடையாறா?” என்று கேட்டாள். இல்லை, பெங்களூரு என்றேன்.

தமிழ்நாட்டில் அடையாறு என்பது ஊர்ப்பெயராக மட்டும் இல்லை. அங்கே போகிறார்கள் என்றால் என்ன நோய் என்று சொல்லவே வேண்டாம். முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையை 1923இல் புற்றுக்குப் பறிகொடுத்தார். ஆஸ்பத்திரி எழ 1954 ஆயிற்று. எப்படியும் சாகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்ட காலம். அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்தைவிட்டுப் போகவில்லை. அந்தக் கேள்விக்கு அவர் பதில் பேசிக்கொண்டிருக்கவில்லை, வார்டுக்குப் போனார். பெரியம்மாவை அங்கே கொண்டுபோயிருக்கலாம். ஓசூரிலிருந்து அன்று அது வேறு தேசம்.

*

ஆனி. வயிற்றில் பயம் உட்கார்ந்திருக்கிறது, மாத்திரை அடுத்த மாதம் நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்பதுதான் கணக்கு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே ஒன்பதுக்கு இறங்கி, முருங்கைக்கீரையும் கேழ்வரகுமாகத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

நின்றபின் திரும்பி வந்தால்? இதைக் கேட்க நான்கு மாதம் தயங்கினேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். மறுபடி பிளாட்டினத்துக்குக் கேட்கும் புற்றாக இருந்தால் ஒரு வழி. கேட்காததாக இருந்தால், செல்லின் மேல் ஃபோலேட் வாங்கும் கதவு நிறைய இருக்கிறதா என்று பார்த்து, அந்தக் கதவைத் தேடிப் போய் விஷத்தை உள்ளே இறக்கும் மருந்து ஒன்று வந்திருக்கிறது. மிர்வெடுக்சிமாப். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் முழு அனுமதி. அதன் ஆய்வில் நடு ஆயுள் பன்னிரண்டே முக்கால் மாதத்திலிருந்து பதினாறரை மாதம் ஆனது. நான்கு மாதத்துக்கும் கொஞ்சம் குறைவு. நல்ல செய்தி என்று சொல்வதா? ஒரு மாங்காய் சீசன் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுக்கும் விலை உண்டு, எனக்கு வேண்டும்.

புதிது எல்லாம் ஏறுமுகம் என்று நான் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக இன்னொன்றும் சொன்னார். பல கீமோ பார்த்தவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்க என் மாத்திரைக்கும் அதன் வகையில் மற்ற இரண்டுக்கும் இருந்த அனுமதியை 2022இல் கம்பெனிகளே திரும்பப் பெற்றன, ஆயுள் குறைவதாகச் சந்தேகம் வந்ததால். அதே மருந்து முன்கட்டத்தில் வாழவைக்கிறது. கோளாறு காட்டும் கேஜை மேசையிலிருந்து தானே எடுத்து வைக்கிற ஆளை நான் நம்புவேன். மருத்துவத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது ஏற்றங்களைக் கேட்டபோது இல்லை, இதைக் கேட்டபோது.

*

ஆடி. கடைசிப் பட்டை. காலைச் சங்குக்கு இரண்டு, மாலைச் சங்குக்கு இரண்டு. வெறும் பட்டையைக் குப்பையில் போட மனசில்லாமல் இந்த ரிஜிஸ்டருக்குள் வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை சங்கு ஊதியது. கை தானாக டப்பாவுக்குப் போனது. இவர் காபியை நீட்டினார்.

*

மகளுக்கு இருபத்தாறு. செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அந்த இரண்டெழுத்துப் பிழை அவளிடம் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. மகனுக்கும் அதே. அவனிடமிருந்து அவன் பெண்ணுக்கும் போகலாம், அதை ஆண்கள் காதில் வாங்குவதே இல்லை. பிழை இருந்தால், ஆயுளில் சினைப்பைப் புற்று வர நூற்றில் சுமார் நாற்பது பேருக்கு வாய்ப்பு. ஆனால் பெரியம்மாவுக்கும் எனக்கும் இல்லாத ஒன்று அவளுக்கு இருக்கும்: முன்கூட்டித் தெரியும். குழந்தைகள் பெற்று முடித்து, முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் குழாயையும் சினைப்பையையும் எடுத்துவிடலாம். இந்தப் புற்றில் பெரும்பகுதி உண்மையில் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது கண்டிருக்கிறார்கள்.

ஒரு வருஷம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. நானும் தள்ளவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, “எங்கேம்மா ரத்தம் குடுக்கணும்?” என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை கொடுத்தோம். ரிப்போர்ட் வர இன்னும் பதினேழு நாள். இந்த வாரம் அவளுக்கு செகண்ட் ஷிஃப்ட், ராத்திரி பஸ் பதினொன்றேகாலுக்கு வரும்.